நடுப் பொத்தான் அசையக் கூடாது

5 மார்ச் 1962, திங்கள்

பாட்டுப் பதிவு நல்லபடியாக முடிந்தது. நல்லபடியாக என்றால், யாரும் யாரோடும் கோபித்துக்கொண்டு போகவில்லை, முதலாளி தேங்காய் உடைத்தார், எல்லோருக்கும் போண்டா வந்தது.

பெர்சி ரெபெய்ரோவைப் பம்பாயிலிருந்து வரவழைத்தது நான்தான் என்பதை இங்கே குறித்து வைக்கிறேன். படம் ஓடிவிட்டால் டைரக்டர் ராமபத்ரன் சார் அது தன் யோசனை என்று சொல்லுவார். ஒன்பது வருஷமாக அவருக்கு உதவி டைரக்டராக இருக்கிறேன், எனக்குத் தெரியாதா? பெர்சி நம் பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்த ஆங்கிலோ இந்தியர். இப்போது ஜாஸ் என்றால் பம்பாயிலும் கல்கத்தாவிலும் அவர் பெயரைத்தான் முதலில் சொல்கிறார்கள். அவர் டிரம்பெட் ஊதுகிற ஓட்டலில் உட்கார இடம் கிடைக்காதாம். மூன்று இந்திப் படங்களில் கிளப் காட்சிகளில் வந்திருக்கிறார். மூன்றையும் பார்த்துவிட்டு, "இவர்தான் நமக்கு ஏற்ற ஆள், பம்பாய்க்காரர்கள் இவரை எவ்வளவு கலையாகப் படம் பிடித்திருக்கிறார்கள்!" என்று முதலாளியிடம் தலையில் அடித்துச் சத்தியம் செய்யாத குறையாகச் சொன்னேன்.

எங்கள் கதைக்கு அவர் தேவை. கடத்தல்காரன் ஒரு வைரத்தை டிரம்பெட்டின் நடுப் பொத்தானுக்கு அடியில் ஒளித்துவிடுகிறான். அந்த வாத்தியத்தில் மூன்று பொத்தான்கள். வைரம் இருப்பதால் நடுப் பொத்தான் இறங்காது. கிளப்பில் உட்கார்ந்திருக்கும் சி.ஐ.டி. கதாநாயகன், வாசிப்பவரின் இரண்டு விரல்கள் மட்டுமே அசைவதைக் கவனித்துத் திருடனைப் பிடிக்கிறான். கதையை எழுதியது நான் அல்ல என்பதையும் இங்கே குறித்து வைக்கிறேன்.

முதலாளி ரங்கசாமி நாயுடு கோயம்புத்தூரில் பம்புசெட் தயாரிப்பவர். திட்டும்போதுகூட மரியாதை குறையாது. இந்த கிளப் பாட்டை 17ஆம் தேதிக்குள் நான் முடித்துக் கொடுத்தால் அடுத்த படத்தின் டைரக்டர் நான்தான் என்று வெற்றிலை பாக்கில் கை வைத்துச் சொல்லியிருக்கிறார். 17 ஏன் என்றால், ஆடுகிற குமாரி சந்திரலீலாவின் கால்ஷீட் அன்றோடு முடிகிறது. பாளையங்கோட்டையில் அம்மாவுக்கு இன்னும் எழுதவில்லை. டைட்டிலில் "டைரக்ஷன்: நெல்லையப்பன்" என்று பார்த்த பிறகு எழுதலாம்.

பதிவில் பெர்சி, "என்னா வாசிக்கணும் மேன்?" என்று கேட்டார். நடுப் பொத்தானைத் தொடாமல் எதுவானாலும் வாசிக்கலாம் என்று டைரக்டர் சொல்லிவிட்டார். கண்ணை மூடிக்கொண்டு ஒரே தடவையில் வாசித்து முடித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு ஜாஸ் பிடிக்காது. ஒரு மெட்டை எடுத்துக்கொண்டு, அதன் சொந்தத் தாய்க்கே அடையாளம் தெரியாதபடி செய்துவிட்டு, கடைசியில் ஒன்றுமே நடக்காததுபோல் திருப்பிக் கொண்டுவந்து விடுகிறார்கள். ஆனால் வேலை வேலைதான்.

6 மார்ச், செவ்வாய்

பெர்சியின் வெள்ளைக் கோட்டுக்கு அளவு எடுத்தார்கள். மெஸ்ஸில் மறுபடியும் கத்திரிக்காய்.

7 மார்ச், புதன்

முதல் நாள் படப்பிடிப்பு. ஸ்டூடியோவின் மூன்றாம் நம்பர் படப்பிடிப்புத் தளத்தில் கிளப் செட் போட்டிருக்கிறார்கள். பின்னால் நட்சத்திரங்களாக சைக்கிள் விளக்கு பல்புகள்.

திங்களன்று பதிவான ஒலிநாடாவை ஒலிபெருக்கியில் போட்டு, அதற்கு ஏற்றபடி பெர்சி வாசிப்பதுபோல் பாவனை செய்ய வேண்டும். எல்லாப் படத்திலும் நடக்கிற விஷயம். நம் கதாநாயகர்கள் வீணையைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு பாவனை செய்வார்கள், ஜனங்கள் கண்ணீர் விடுவார்கள். பெர்சி வாசித்ததற்கு பெர்சியே விரலை ஆட்ட வேண்டும், அவ்வளவுதானே?

டேக் எடுத்தோம். நல்ல வெளிச்சம், நல்ல முகம். டைரக்டர் "ஓகே" என்று வாயைத் திறக்கும் நேரத்தில் முதலாளி எழுந்தார்.

"ஏனுங்க தம்பி, சத்தம் மேல போகுதுங்க. இவரு விரலு கீழ போகுதுங்க."

"அது... அதெல்லாம் ஜனங்களுக்குத் தெரியாது சார்" என்றேன்.

"எனக்குத் தெரியுதுங்களே. அந்தப் பொத்தானுக்குக் கீழ இருக்கறது வால்வு தானுங்க? நான் முப்பது வருசமா வால்வுலயே சோறு திங்கறவனுங்க. வால்வு விசயத்துல என்னை ஏமாத்த முடியாதுங்க. கதையே அந்த விரல்லதான இருக்குதுங்க?"

அதுவும் சரிதான். மறுபடி எடுத்தோம். மறுபடி. ஒவ்வொரு தடவையும் பெர்சியின் விரல்கள் வேறு வழியில் போயின. ஒருமுறை நடுப் பொத்தானையே அழுத்திவிட்டார், வைரம் தூள். சந்திரலீலாவுக்கு மூச்சு வாங்கியது. நான் பெர்சியின் காதில், "சார், நீங்க வாசிச்சதுதான் சார், அப்படியே" என்றேன். அவர் என்னைப் பாவமாகப் பார்த்து, "நான் என்னா வாசிச்சேன் மேன்?" என்றார்.

கிண்டல் என்று நினைத்தேன். கிண்டல் இல்லை.

8 மார்ச், வியாழன்

ஸ்டூடியோ அறையில் பெர்சியை உட்கார வைத்து ஒலிநாடாவைத் திரும்பத் திரும்பப் போட்டேன். பரீட்சைக்குப் பையன்களைத் தயார் செய்கிற மாதிரி. டிரம்பெட்டும் கையில் இருந்தது, அதுதான் தப்பு. முதல் வரி முடிந்ததும் அவர் அதற்குப் பதில் சொல்வதுபோல் வேறொன்றை வாசித்தார். நாடாவில் இருக்கும் பெர்சி கேட்பதும் அறையில் இருக்கும் பெர்சி பதில் சொல்வதுமாகப் பத்து நிமிஷம் போயிற்று. குறுக்கிடலாம் என்று இரண்டு தடவை கையைத் தூக்கினேன். அறையில் காற்று நன்றாக வந்ததால் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"சார், பதில் வேண்டாம். அதையே சொல்லணும்."

"அது சொல்லியாச்சே மேன். சொன்னதையே எதுக்கு மறுபடி சொல்லணும்? நீ காலையில உங்க ஒய்ஃப்கிட்ட பேசினதை ஈவினிங் அப்படியே பேசுவியா?"

"எனக்குக் கல்யாணம் ஆகலை சார்."

"அப்போ உனக்குப் புரியாது. கல்யாணம் ஆனவங்க டெய்லி அதையேதான் பேசுவாங்க" என்று சொல்லிவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். நல்ல மனிதர். அதுதான் கஷ்டம். கெட்ட மனிதராக இருந்தால் பழியை அவர்மேல் போட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கலாம்.

9 மார்ச், வெள்ளி

இன்றும் அதே. சந்திரலீலா நாற்காலியில் உட்கார்ந்து காலுக்கு எண்ணெய் தடவிக்கொண்டே, "நெல்லையப்பன் சார், அடுத்த படத்துல நீங்கதான் டைரக்டராமே? அதுலயாவது எனக்குக் கால் வலிக்காம ஒரு பாட்டு வைங்க" என்றாள். தளமே சிரித்தது. நானும் சிரித்தேன். சிரிக்காமல் என்ன செய்வது?

10 மார்ச், சனி

இன்னொருவர் கையைக் காட்டிவிடலாம் என்பது டைரக்டரின் யோசனை. போலீஸ் பேண்டில் டிரம்பெட் வாசிக்கும் வேதநாயகம் வந்தார். நாடாவைக் கேட்டுத் தாளில் எழுதிக்கொண்டார், விரல்கள் கச்சிதமாக விழுந்தன. முதலாளிக்கு ஏகப்பட்ட சந்தோஷம். அப்புறம்தான் தெரிந்தது, வேதநாயகம் பெர்சியைவிட நாலு ஷேடு கறுப்பு. பவுடர் போட்டுப் பார்த்தோம். விபூதி பூசிய கை டிரம்பெட் வாசிப்பதுபோல் இருந்தது. அதோடு, கேமரா பெர்சியின் முகத்திலிருந்து நழுவி விரலுக்கு இறங்க வேண்டும், நடுவில் வெட்டக் கூடாது, வெட்டினால் வைரம் இருப்பதை ஜனங்கள் நம்ப மாட்டார்கள் என்று முதலாளி சொல்லிவிட்டார். கதையில் அவருக்கு இருக்கும் நம்பிக்கை எழுதியவருக்குக்கூட இருந்திருக்காது.

வேதநாயகம் போகும்போது பெர்சியின் கையைப் பிடித்துக் குலுக்கி, "நீங்க வாசிச்சதை எழுதி முடிக்கறதுக்குள்ள என் கை வலிச்சிடுச்சு சார்" என்றார். பெர்சி அந்தத் தாளை வாங்கித் தலைகீழாகத் திருப்பிப் பார்த்துவிட்டு, "பியூட்டிஃபுல். யாரோடது?" என்றார்.

11 மார்ச், ஞாயிறு

இரண்டாவது ஞாயிறு, ஸ்டூடியோக்களுக்கு விடுமுறை. காலையில் துணி துவைத்தேன். யானைகவுனிப் பக்கம் ஒரு பழைய தியேட்டரில் பெர்சி வந்த இந்திப் படம் ஒன்று காலைக் காட்சியாக ஓடுகிறது என்று பேப்பரில் பார்த்துவிட்டுப் போனேன். பம்பாய்க்காரர்கள் எப்படிச் சமாளித்தார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

தெரிந்துகொண்டேன். பாட்டு ஆரம்பிக்கும்போது பெர்சியின் முகம். அப்புறம் அவர் முதுகு. அப்புறம் ஒரு பெரிய தொட்டிச் செடி, அதற்குப் பின்னால் பெர்சி. அப்புறம் ஆடுகிறவளின் இறகு விசிறி திரை முழுக்க. கடைசியில் பலூன்கள். மற்ற இரண்டு படங்களையும் மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஒன்றில் புகை. இன்னொன்றில் கண்ணாடித் தம்ளரின் வழியாக எடுத்திருந்தார்கள். "தம்ளர் வழியாக எடுத்திருக்கிறார்கள் பாருங்கள் சார், என்ன கற்பனை!" என்று முதலாளியிடம் நான்தான் சிலாகித்தேன். மூன்று படங்களில் ஒன்றில்கூட அவர் விரல் இல்லை. இடைவேளையில் வாங்கிய முறுக்கைப் பக்கத்து சீட்டுப் பையனிடம் கொடுத்துவிட்டேன்.

சாயங்காலம் மவுண்ட் ரோடு ஓட்டலில் பெர்சி வாசிக்கிறார் என்று போனேன். கடமைக்காகத்தான். மதுவிலக்கு ஊரில் எலுமிச்சை ஜூஸைக் குடித்துக்கொண்டு வெள்ளைக்காரத் தோரணையில் உட்கார்ந்திருக்கிற கூட்டம். விரல் விஷயத்தைக் கேட்டுவிட்டு உடனே கிளம்புவதாக இருந்தேன். அவர் வாசித்துக்கொண்டிருந்ததால் கேட்க முடியவில்லை. முடிகிற வரை வாசித்துக்கொண்டே இருந்தார். எனவே முடிகிற வரை இருந்தேன்.

12 மார்ச், திங்கள்

காலையில் பெர்சியிடம் கேட்டுவிட்டேன். "சார், பம்பாய்ப் படங்கள்ல உங்க விரலைக் காட்டவே இல்லையே?"

அவர் கோட்டைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். "கண்டுபிடிச்சிட்டியா மேன்? அங்க எல்லாருக்கும் தெரியும். பெர்சியைப் போடறியா, ஒரு செடி வாங்கிக்கோனு ஜோக் அடிப்பாங்க. உங்க லெட்டர் வந்தப்போ நான் நினைச்சேன், மெட்ராஸ்காரங்களுக்கும் தெரிஞ்சிருக்கும்னு."

"எனக்குத் தெரியாது சார். நான் அதைக் கலைன்னு நினைச்சேன்."

அவர் சிரிக்கவில்லை. "உன் பிக்சர் போயிடுமா, நெல்லை?" என்று கேட்டார். யாரோ சொல்லியிருக்கிறார்கள். போகாது என்று சொன்னேன். "நான் நாளைக்கே ரயில் ஏறிடறேன், நீ வேற ஆளைப் பார்" என்றார். வேண்டாம் என்றேன். ஏன் வேண்டாம் என்றேன் என்று எனக்கே விளங்கவில்லை. இப்போது வேறு ஆளைத் தேட நேரமில்லை என்பதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

சாயங்காலம் மறுபடி ஓட்டல். அவர் விரல்கள் ஏதாவது ஒரு ஒழுங்கில் போகின்றனவா என்று ஆராய. முன்வரிசை மேஜை கிடைத்தது. ஆராய்ச்சியில் ஒன்றும் அகப்படவில்லை, ஏனென்றால் நடுவில் விரலைப் பார்க்க மறந்துவிட்டேன்.

13 மார்ச், செவ்வாய்

முதலாளி தன் அறைக்குக் கூப்பிட்டு காபி கொடுத்தார். கோயம்புத்தூர்க்காரர்கள் காபி கொடுத்தால் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும்.

"தம்பி, நீங்க நல்லவருங்க. கெட்டிக்காரருங்க. சனிக்கெழமைக்குள்ள பாட்டு முடியலீன்னா, அடுத்த படத்த நம்ம பூபதிகிட்ட குடுத்துட்டு, நீங்க கொஞ்ச நாளு ஊர்ல போயி ரெஸ்ட் எடுங்க. அம்மாவையும் பார்த்த மாதிரி இருக்குமுங்க. இன்னொரு வாய் காபி?"

பூபதி இன்னொரு உதவி டைரக்டர். எனக்குப் பின்னால் சேர்ந்தவன். எதிலும் தப்பு செய்ய மாட்டான், எதிலும் ஆசையும் வைக்க மாட்டான். காபி நன்றாகத்தான் இருந்தது.

மத்தியானம் அருமையான யோசனை ஒன்று எனக்கு வந்தது. அது வந்தபோது சந்திரலீலா அதைச் சொல்லிக்கொண்டிருந்தாள் என்பதையும் நேர்மைக்காக எழுதுகிறேன். சாப்பாட்டு வேளையில் அவள், "சபாவுல நான் ஆடறப்போ பக்கத்துல உக்காந்து மிருதங்கம் வாசிக்கறாங்க. அவர் அடிக்கறதுக்கு நான் ஆடறேன். டேப்பா போடறாங்க? இந்த மனுஷன் நேர்லயே ஊதட்டுமே, நான் பாத்துக்கறேன்" என்றாள்.

அவர் வாசிக்கும்போதே படம் எடுத்து, வாசிப்பதையும் அங்கேயே பதிவு செய்துவிட்டால் சத்தமும் விரலும் ஒன்றாகத்தானே இருக்கும்! பழைய காலத்தில் அப்படித்தான் படம் எடுத்தார்களாம். அப்போதெல்லாம் மரத்துக்குப் பின்னால் வாத்தியக்காரர்களை ஒளித்து வைப்பார்களாம்.

சவுண்ட் இன்ஜினியர் சேஷன் தலையைப் பிடித்துக்கொண்டார். "நெல்லை, இந்தத் தளத்துல தகரக் கூரை. காக்கா நடந்தாக்கூட மைக்ல விழும்."

"காக்காவை நான் பார்த்துக்கறேன் சார்."

"அதோட, இந்தப் பாட்டுக்கு ஒதுக்கின கச்சா பிலிம் கோட்டா முடிஞ்சுபோச்சு. முழுப் பாட்டுக்கு ஒரே ஒரு ரோல்தான் இருக்கு. ஒரு டேக்தான். சின்னச் சத்தம் கேட்டாலும் போச்சு, தெரியுமில்ல?"

தெரியும் என்றேன்.

14 மார்ச், புதன்

கேமராவின் சத்தம் வெளியே வராமல் இரண்டு பஞ்சு ரஜாய்களைச் சுற்றினோம். உள்ளே இருக்கும் கேமராமேன் அப்பளம் பொரிகிற மாதிரி வேர்த்தார். கிளப்பில் உட்காரும் துணை நடிகர்கள் எல்லோரும் செருப்பைக் கழற்ற வேண்டும், மேஜைக்குக் கீழே தெரியாது. சந்திரலீலா கொலுசு போடக் கூடாது. மின்விசிறி கூடாது. இருமல் உள்ளவர்கள் வெளியே. எல்லோருக்கும் நான் ஒரு பிரசங்கம் செய்தேன்: "உங்க வாயிலேர்ந்து ஒரு சத்தம் வந்தா, அந்த ஆளை நான் சும்மா விட மாட்டேன்!" பயந்துதான் போனார்கள்.

சாயங்காலம் ஓட்டலுக்குப் போனேன். பெர்சியின் கோட்டுப் பொத்தான் தளர்ந்திருக்கிறதா என்று கேட்க வேண்டியிருந்தது.

15 மார்ச், வியாழன்

கூரையில் ஏறிக் காக்காய் ஓட்ட இரண்டு ஆட்கள் ஏற்பாடு. கோட்டுப் பொத்தான் தளரவில்லை. இன்றும் போய் உறுதி செய்துகொண்டேன்.

16 மார்ச், வெள்ளி

எழுதக் கை வரவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

ராகுகாலம் முடிந்து எடுத்தோம். தளம் முழுக்க மூச்சு சத்தம்கூட இல்லை. பெர்சி நடுப் பொத்தானின் மேல் விரலைத் தூக்கியே வைத்துக்கொண்டார். டைரக்டர் கையைக் காட்டினார், கேமரா ஓடியது, பெர்சி ஆரம்பித்தார்.

பதிவில் வாசித்தது இல்லை. அதைவிட மெதுவாக, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்குகிற மாதிரி. சந்திரலீலாவுக்கு அது என்ன என்று தெரியாது. ஒரு கணம் நின்றாள். நின்றதும் அழகாக இருந்தது. பிறகு அவர் போகிற பக்கம் போனாள், அவள் போகிற பக்கம் அவர் வந்தார். கேமரா முகத்திலிருந்து நழுவி விரலுக்கு இறங்கியது. இரண்டு விரல்கள், நடு விரல் அசையவில்லை, சத்தமும் விரலும் ஒன்று. முதலாளி நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். முடிக்கிற இடம் வந்தது, முடிப்பார் என்று எல்லோரும் நினைத்தோம். அவர் முடிக்கவில்லை. முடிப்பதுபோல் வந்து, அந்த இரண்டே விரல்களால் வேறெங்கோ ஏறி, அங்கே ஒரு சத்தத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். இறங்க வழி இல்லாத இடம் அது. அங்கிருந்து இறங்கினார்.

"பலே!" என்று ஒரு குரல் கேட்டது.

தளமே திரும்பிப் பார்த்தது. என்னைத்தான் பார்த்தது.

நான் என் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன். பொத்தியது பலேக்கு அப்புறம்.

பெர்சி நிறுத்தவில்லை, சந்திரலீலாவும் நிறுத்தவில்லை, முடித்தார்கள். டைரக்டர் "கட்" என்றார். சேஷன் காதிலிருந்த கருவியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு வெளியே போனார். பூபதி என் பக்கமே பார்க்கவில்லை, அது பெருந்தன்மை. பிலிம் ரோல் காலி.

17 மார்ச், சனி

அந்த பலேயைத் தனியாக எடுக்க முடியாதாம். பெர்சி பிடித்துக்கொண்டு நின்ற சத்தத்தின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது. அதை வெட்டினால் அதுவும் போகும். சந்திரலீலாவின் கால்ஷீட் இன்றோடு சரி. ஆகவே பலே படத்தில் இருந்தே ஆக வேண்டும்.

"இருக்கட்டுமுங்க" என்றார் முதலாளி. "கிளப்புல யாரோ ரசிச்சுச் சொல்றாப்புல இருக்கட்டும். ஆனா சொல்றவன் மூஞ்சியக் காட்டோணுமுங்க. குரல் வந்தா மூஞ்சி வேணும். யாரு குரலோ அவரே கோட்டுப் போட்டு உக்காரட்டும்."

ஒன்பது வருஷம் கேமராவுக்குப் பின்னால் நின்றவனுக்குக் கோட்டு மாட்டி, பவுடர் போட்டு, எலுமிச்சை ஜூஸைக் கையில் கொடுத்து உட்கார வைத்தார்கள். ஆங்காங்கே மிச்சமிருந்த பிலிம் துண்டுகளில் எடுப்பதாக ஏற்பாடு. நாடாவைப் போடுவார்கள். நான் என் குரலுக்கு வாயசைக்க வேண்டும். ஒரே ஒரு வார்த்தை. இரண்டு எழுத்து.

முதல் தடவை முந்திவிட்டேன். இரண்டாவது பிந்திவிட்டேன். மூன்றாவதில் சரியாக விழுந்தது, ஆனால் தபால்காரரைக் கூப்பிடுகிறவன் முகமாக இருந்தது என்றார் டைரக்டர். பிறகு "பலே"யை நான் எப்படிச் சொன்னேன் என்பதே மறந்துபோயிற்று. வாயை அகலத் திறந்தேனா, குறுக்கினேனா? கண் மூடியிருந்ததா? நாடாவில் இருக்கிறவன் யார்? நிஜமாகவே சந்தோஷமாக இருக்கிற எவனோ ஒருவன். அவனுக்கும் எனக்கும் சம்பந்தம் இருப்பதாகவே தெரியவில்லை.

தளத்தில் சிரிப்பை அடக்க முடியாமல் துணை நடிகர்கள் மேஜைக்கு அடியில் குனிந்துகொண்டார்கள். மூன்று நாள் முன்னால் நான் பிரசங்கம் செய்து மிரட்டிய அதே ஆட்கள். முதலாளி கேட்டார்: "ஏனுங்க தம்பி, ஒரு வார்த்தைங்க. நீங்க சொன்னதுதானுங்க."

"ஆமாம் சார். நான் என்ன சொன்னேன்னு..." என்று ஆரம்பித்தவன் பாதியில் நிறுத்திக்கொண்டேன். பெர்சி ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எல்லோரையும்விட அதிகமாகச் சிரிக்க உரிமை உள்ளவர் அவர். அவர் மட்டும் சிரிக்கவில்லை.

கடைசித் துண்டு பிலிம் மிச்சம் இருந்தது. பெர்சி எழுந்து வந்தார். "டேப்பைப் போடாதீங்க மேன். கேமராவை மட்டும் ஓட்டுங்க" என்றார். கேமராவுக்குப் பக்கத்தில் எனக்கு எதிரே நின்றுகொண்டு வாசித்தார்.

என்ன வாசித்தார் என்று எழுத முடியவில்லை. பிலிம் தீர்ந்ததே எனக்குத் தெரியவில்லை. டைரக்டர் தோளைத் தொட்டபோதுதான் கையில் ஜூஸ் சாய்ந்து கோட்டெல்லாம் நனைந்திருந்ததைப் பார்த்தேன்.

19 மார்ச், திங்கள்

எடுத்த பிலிமைக் கழுவி ரஷ் போட்டுப் பார்த்தார்கள். திரையில் என் முகம் வந்தது. இருட்டில் எனக்கு முன்னால் முதலாளியின் வழுக்கைத் தலை, அதற்கு மேலே என் முகம். வாய் அசையவே இல்லை. கொஞ்சம் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். கண் நனைந்திருக்கிறது. அப்படி ஒரு முகம் என்னிடம் இருப்பது எனக்குத் தெரியாது. எனக்கு வெட்கமாக இருந்தது.

"வாய் அசையலியேங்க" என்றார் முதலாளி.

"அசையலை சார்" என்றார் டைரக்டர்.

அந்தத் துண்டை இன்னொரு தடவை போட்டுப் பார்த்தார்கள். பிறகு முதலாளி சொன்னார்: "இதையே வையுங்க. பலே பின்னாடி இருந்து யாரோ சொல்லிக்கட்டும். இந்த மூஞ்சி போதுமுங்க."

வெளியே வந்ததும் என்னைத் தனியாகக் கூட்டிக்கொண்டு போனார். காபி இல்லை.

"தம்பி, பாட்டு தேதிக்கு முடிஞ்சுது. விரல் சரியா இருக்குது. சொன்ன சொல்லுக்கு உங்களுக்குப் படம் குடுக்கோணும். ஆனா ரஷ்ல உங்க மூஞ்சியப் பார்த்தனுங்க. நான் பம்பு விக்கறவன். இந்த மூஞ்சிக்குப் படம் குடுத்தா, ஒரு நாள் எதையாச்சும் பார்த்துக்கிட்டே கட் சொல்ல மறந்துருவீங்க. பிலிம் ஓடிட்டே இருக்குமுங்க, தண்ணி இல்லாத கெணத்துல மோட்டார் ஓடறாப்புல. பூபதிக்குக் குடுக்கறனுங்க. அவருக்கு எந்தப் பாட்டும் புடிக்காதுங்க." கொஞ்சம் தயங்கினார். "நீங்க ஊருக்கெல்லாம் போக வேண்டாம். இங்கயே இருங்க. கோவிச்சுக்காதீங்க."

கோபம் வரவில்லை என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். வந்தது. அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். ஒன்பது வருஷம். அம்மாவுக்குக் கடிதம் எழுதாமல் விட்டது நல்லதாயிற்று.

20 மார்ச், செவ்வாய்

பெர்சியை வழியனுப்ப சென்ட்ரலுக்குப் போனேன். பெட்டியை ஏற்றிவிட்டு, பிளாட்பாரத்தில் இரண்டு பேரும் டீ குடித்தோம். பூபதிக்குப் படம் போன விஷயத்தை நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்திருந்தது.

"ஒரு வார்த்தைக்கா மேன்?"

"ஆமாம் சார். இரண்டு எழுத்து."

அவர் ஜன்னல் வழியாக என் கையைப் பிடித்துக்கொண்டார். "மூணு பிக்சர்ல ஊதியிருக்கேன் நெல்லை. எடுத்து முடிச்சதும் எல்லாரும் லைட் சரியா, டிரஸ் சரியான்னுதான் கேப்பாங்க. வெள்ளிக்கிழமைதான் ஒருத்தன்..." என்று ஆரம்பித்தவர் வேறு பக்கம் பார்த்தார். பிறகு, "வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்னு தோணுதா உனக்கு?" என்று கேட்டார்.

எனக்கு ஜாஸ் பிடிக்காது என்று இந்த நோட்டில் எங்கோ எழுதியிருக்கிறேன். அதை அடிக்கப் போவதில்லை, அன்றைக்கு அப்படித்தான் இருந்தது. அவருக்கு என்ன பதில் சொல்லலாம் என்று நாகரிகமான இரண்டு மூன்று பதில்களை யோசித்தேன். கார்டு விசில் ஊதிவிட்டார்.

"தோணலை சார்" என்றேன்.

ரயில் நகர்ந்தது. இதை எழுதும்போதும் தோன்றவில்லை. நாளைக் காலையில் தோன்றலாம். நாளை ஏழு மணிக்கு இதே படத்தின் அடுத்த காட்சி, முதல் ஷாட். பூபதி எனக்கு முன்னாலேயே வந்து நிற்பான்.